வைரவிக்குப் பூக்கட்டிப் பார்த்தது

சுபத்ராவுக்கு நாயின் வயிற்றை நடுவில் திறப்பது பிடிக்காது. பிடிக்காது என்றால் தெரியாது என்று அர்த்தமில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தபோது முதலில் கற்றது அதைத்தான். ஆனால் படிப்பை முடித்துக் கோயம்புத்தூரில் தெருநாய்க் கருத்தடை முகாமில் சேர்ந்த பிறகு அவளுடைய கை விலாப்பக்கத்துக்குப் பழகிவிட்டது. பெட்டை நாயை இடதுபுறமாகச் சாய்த்துப் படுக்கவைப்பாள். கடைசி விலா எலும்பைத் தாண்டி இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் திறப்பாள். தசையை அறுக்காமல் அதன் நார் போகிற போக்கிலேயே விலக்கி உள்ளே போய், கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் வெளியே இழுத்துக் கட்டி வெட்டிவிட்டு, மூடித் தைத்துவிட்டு அடுத்த நாய்க்குப் போய்விடுவாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளை ‘சைடு சுபத்ரா’ என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

இத்தாலியின் பலெர்மோவுக்கு ஆராய்ச்சிக்கென்று வந்த இடத்தில் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. அவளைச் சேர்த்துக்கொண்ட சிறிய மருத்துவமனையின் தலைவி டாக்டர் கிளறா, ஐம்பதைத் தாண்டியவர், உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. அவருக்கு நாய் என்றால் மல்லாந்து படுக்கவேண்டும், வயிறு நடுக்கோட்டில் திறக்கவேண்டும். “பக்கத்தில் ஓட்டை போட்டு விரலை விட்டுத் துழாவுவது, விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பைக்குள் சாவி தேடுகிற வேலை” என்றார். சுபத்ராவுக்குச் சுள்ளென்று வந்தது. “நடுவயிற்றில் தைத்தால் படுக்கிறபோதெல்லாம் தையல் தரையில் உரசும். தெருநாய்க்குத் தெரு மெத்தையா விரித்து வைத்திருக்கிறது? விலாவில் இருந்தால் எதிர்ச்சாரியில் நின்றே காயத்தைப் பார்த்துவிடலாமே” என்று அரைகுறை இத்தாலியனில் திருப்பிக் கொடுத்தாள். இப்படித் தினமும் முட்டிக்கொண்டதில் ஒருநாள் கிளறாவே அலுத்துப்போய், “வாயால் முடியாது, செய்து பார்த்துவிடுவோம்” என்றார். சண்டை அப்படித்தான் ஆராய்ச்சியானது.

ஆராய்ச்சிக்கு ஒரு விதி வேண்டுமே. எந்த நாய்க்கு எந்த வழி என்று இருவரில் யார் தேர்ந்தெடுத்தாலும் களவு புகுந்துவிடும். சுளுவான நாய்களைக் கிளறா தன் பக்கம் தள்ளிக்கொள்வார் என்று சுபத்ராவுக்குச் சந்தேகம். கிளறாவுக்கும் அவள்மேல் அதே சந்தேகம். ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பமாக உட்கார்ந்து ஆடுகிற தொம்போலா விளையாட்டின் துணிப்பையை கிளறா வீட்டிலிருந்து கொண்டுவந்தார். உள்ளே எண் போட்ட மரக்காய்கள். முதலில் நாயைப் பரிசோதித்து எழுதிவிட வேண்டும். பிறகு வரவேற்பில் இருக்கும் பெண் பைக்குள் கைவிட்டு ஒரு காயை எடுப்பாள். ஒற்றைப்படை வந்தால் நடுவயிறு, இரட்டைப்படை வந்தால் விலாப்பக்கம். மடியில் பால் இருக்கிற நாய் மட்டும் குலுக்கலுக்கு வராது. பால் கட்டிய காம்புகளுக்கு நடுவே கத்தி வைப்பதற்குக் கிளறாவுக்கே மனமில்லை, அது நேராக விலாப்பக்கம். ஒருமுறை எடுத்த காயை மாற்றக்கூடாது, என்ன காரணம் சொன்னாலும் மறுபடி எடுக்கக்கூடாது என்ற கடைசி விதியைப் பிடிவாதமாகச் சேர்த்தவள் சுபத்ராதான். கிளறா அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

கபோ சந்தையில் திரிகிற நாய்களைப் பார்த்துவைக்கப் போன இடத்தில்தான் சுபத்ரா குகனேஸ்வரியைச் சந்தித்தாள். மீன்கடைக்கும் ஒலிவ்காய்க் கடைக்கும் நடுவில் யாரோ தமிழில் ஏசுகிற சத்தம் கேட்டது. “உனக்கு எத்தினை தரம் சொல்லுறது, அங்காலை போய்ப் படு எண்டு?” ஏச்சு வாங்கியது ஒரு கறுப்புப் பெட்டை நாய், நெற்றியில் மட்டும் வெள்ளை. ஏசியவள் யாழ்ப்பாணத்துக்காரி, பணக்கார வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறவள். நாயை ஏசிக்கொண்டே பையிலிருந்து வடையை எடுத்து அதன் வாயில் வைத்தாள்.

“வடை குடுக்காதீங்கக்கா, வெங்காயம் நாய்க்கு ஆகாது” என்றாள் சுபத்ரா.

குகனேஸ்வரி திரும்பி மேலும் கீழும் பார்த்தாள். “வைரவருக்குச் சாத்தின வடையிலை ஆரும் வெங்காயம் போடுவினமோ? நீங்கள் தமிழ்நாடோ?”

நாயின் பெயர் வைரவி. வைரவரின் வாகனம் நாய், இது பெட்டை, அதனால் வைரவி. வேறு பெயர் வைத்தால்தான் ஆச்சரியம் என்பதுபோல் சொன்னாள் குகனேஸ்வரி. அவள் வீட்டில் வைரவர் படத்துக்கு வடைமாலை சாத்துகிற நாளில் மாலையின் முதல் வடை இந்த நாய்க்குத்தான். அதன் பிறகுதான் வீட்டில் மனிதர்கள் வாயில் வைக்கலாம்.

வைரவியால் சந்தையில் தொந்தரவும் இருந்தது. அதற்குப் பருவம் வருகிறபோதெல்லாம் ஊரில் உள்ள கடுவன்கள் அத்தனையும் பின்னால் வந்து கடைகளுக்கு நடுவே கட்டிப்புரண்டன. குட்டிகள் பாதி வண்டியில் அடிபட்டன. கடைசியாக ஒருநாள் மீன்பெட்டி ஒன்று கவிழ்ந்துபோக, மீன்கடைக்காரர் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். வந்த அதிகாரி தீர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்: இந்த மாதம் முடிவதற்குள் கருத்தடை செய்து தோலுக்கடியில் அடையாளச் சிப் போட்டால் வைரவி ‘தெருவின் நாய்’ என்று பதிவாகிச் சந்தையிலேயே இருக்கலாம், இல்லையென்றால் நகருக்கு வெளியே ‘கனீலே’ என்கிற நாய்க் காப்பகத்துக்கு, நிரந்தரமாக.

காப்பகம் என்ற சொல்லைக் கேட்டாலே குகனேஸ்வரிக்கு முகம் மாறிவிடும். ஏனென்று சுபத்ராவிடம் அழுதுகொண்டே சொன்னாள். முன்பு அவள் சோறு போட்டு வளர்த்த ராசாத்தி என்கிற நாயை அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். நடுவயிற்றில் வெட்டித் தைத்து, காயம் ஆறும்வரை ஒரு காப்பகத்தின் சீமெந்துத் தரையில் கூட்டமாக அடைத்துவைத்தார்கள். தையல் பிரிந்து ராசாத்தி செத்துப்போனதைக் குகனேஸ்வரிக்கு யாரும் சொல்லக்கூட இல்லை. விசாரித்துக்கொண்டு பஸ் ஏறிப்போய், கம்பி வலைக்கு வெளியே நின்று தெரிந்துகொண்டாள். அன்று முதல் வயிற்றில் வெட்டுவது என்றால் அவளுக்குச் சாவு.

அதனால் விலாப்பக்க வழியைப் பற்றிச் சுபத்ரா சொல்லச் சொல்ல அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். கோயம்புத்தூர் நாய்களின் படங்களைச் சுபத்ரா கைபேசியில் காட்டினாள். விலாவில் ஒரு சின்னக் கோடு. இங்கேயும் அப்படிச் செய்த நாய்களை ஓரிரு நாளில் திருப்பி விட்டுவிடுகிறார்கள், நடுவயிற்று நாய்கள்தான் தையல் பிரிக்கும்வரை காப்பகத்தில் இருக்கவேண்டும் என்றாள்.

“அப்ப எங்கடை வைரவிக்குப் பக்கத்தாலைதானே செய்வியள்?”

இந்த இடத்தில் சுபத்ரா நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். குலுக்கல் இருக்கிறது, எதுவும் வரலாம் என்று ஒரு வரி போதும். சொன்னாள்தான், ஆனால் தேன் தடவிச் சொன்னாள். “நம்ம ஊர்ல கோயில்ல பூக்கட்டிப் பாப்போம்ல, அந்த மாதிரிதான்க்கா. சாமிக்கு முன்னாடி ரெண்டு பூவ மடிச்சுப் போட்டு ஒன்ன எடுக்கிற மாதிரி இங்க ஒரு பையில காய எடுப்பாங்க. சைடுன்னுதான் வரும், பாருங்க.”

“வயித்திலை எண்டு வந்தால்?”

“வராதுக்கா. சைடுன்னுதான் வரும்.”

வரவேண்டும் என்ற ஆசைதான் வரும் என்ற வாக்காகிவிட்டது. குகனேஸ்வரி அவளையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “யோசிச்சுச் சொல்லுறன்” என்று போய்விட்டாள்.

அடுத்த கிழமை அவளே தொலைபேசியில் அழைத்தாள். “பிள்ளை, வைரவருக்கு முன்னாலை பூக்கட்டிப் பாத்தனான். செவ்வரத்தை ஒண்டும் மல்லிகை ஒண்டும் மடிச்சுப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தனான். வெள்ளைப்பூ வந்திட்டுது. உத்தரவு கிடைச்சிட்டுது. வைரவியைக் கொண்டுவாறன்.”

சுபத்ராவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. சாமியே சைடு பக்கம் சாய்ந்துவிட்டாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். என்ன கேட்டுப் பூ எடுத்தீர்கள் என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். உங்கள் வீட்டுப் பூ வேறு, எங்கள் பை வேறு என்று விளக்கவும் இல்லை.

மாத முடிவுக்கு முன்னால் கிளறாவிடம் இடம் இருந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று காலையில் குகனேஸ்வரி வைரவியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தாள். முந்தின இரவிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லையே என்று சுபத்ரா கேட்டதற்கு, “ரெண்டு பேரும் விரதம்” என்றாள். அது பட்டினி கிடக்கையில் தான் மட்டும் சாப்பிடுவதாவது என்று அவளும் தண்ணீரோடு இருந்துவிட்டாளாம். கடலோர மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் முதலாளியம்மாவின் கோடைவீட்டைத் திறந்து துப்புரவாக்கும் வேலை இருந்தது. நாயின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சுபத்ரா பரிசோதித்தாள். இதயம் நன்றாக இருந்தது. கர்ப்பம் இல்லை. கடைசி ஈற்றுக் குட்டிகளை மீன்கடைக்காரர் மகளும் வேறு சிலரும் எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. மடி வற்றிச் சுருங்கியிருந்தது. ‘பால் இல்லை’ என்று எழுதினாள். வரவேற்புப் பெண் பைக்குள் கைவிட்டாள்.

ஒற்றைப்படை.

“நடுவயிறு” என்றார் கிளறா, கையுறை அளவைத் தேடிக்கொண்டே. சுபத்ராவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். “என்ன?”

“ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு சுபத்ரா கூண்டுக்குப் போனாள். வைரவி வாலை ஆட்டியது. அதைப் புரட்டிப் போட்டு ஒவ்வொரு காம்பாகப் பிதுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு போதும். ஒரே ஒரு சொட்டு வந்தால் இந்த நாய் குலுக்கலைவிட்டு விலகி நேராக விலாப்பக்கம் போய்விடும். எந்தக் காம்பிலும் எதுவும் இல்லை. கடைசிக் காம்பை அவள் கொஞ்சம் அழுத்தமாகவே பிதுக்கிவிட்டாள் போல. வைரவி தலையைத் தூக்கிப் பார்த்தது. சுபத்ராவுக்கு வெட்கமாக இருந்தது.

எழுதினால் போதும் என்பதும் தெரியும். ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு ‘இருக்கிறது’ என்று எழுதினால் யார் வந்து பிதுக்கிப் பார்க்கப்போகிறார்கள்? குகனேஸ்வரிக்குச் சொன்ன வாக்கும் நிற்கும், சாமி உத்தரவும் நிற்கும். ஆனால் அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டால் இதுவரை செய்த நாய்களின் கணக்கு முழுவதையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். விலாப்பக்கம் நல்லது என்று அவள் நாளைக்கு எவ்வளவு கத்தினாலும் அவளுக்கே நம்பிக்கை இருக்காது. மாற்றக்கூடாது என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியவளும் அவள்தானே.

குகனேஸ்வரியின் கைபேசி அணைந்திருந்தது. வேலை நேரத்தில் போன் எடுத்தால் அந்தச் சிஞ்ஞோராவுக்குப் பிடிக்காது. சுபத்ரா கிளறாவிடம் போய் நின்றாள். “இந்த நாயைக் கடைசியாக வையுங்கள். நான் மொண்டெல்லோ வரை போய்வரவேண்டும்.”

“எதற்கு?”

“வேறு மாதிரிச் செய்வேன் என்று அதன் ஆளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.”

“குலுக்கலுக்கு முன்பேயா?” கிளறாவின் புருவம் உயர்ந்தது. சுபத்ரா தலையாட்டினாள். கிளறா திட்டவில்லை. சட்டப்படி அது நகராட்சியின் நாய், யாரிடமும் கேட்காமலே செய்யலாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அதையும் சொல்லாமல் தன் ஸ்கூட்டர் சாவியை மேசையில் போட்டார். “மத்தியானத்துக்கு மேல் நான் காத்திருக்கமாட்டேன்.”

சுபத்ரா ஸ்கூட்டரை முறுக்கினாள். பூங்காச் சாலையின் மரநிழலில் போகையில் வழியெல்லாம் பேச்சைத் தயாரித்தாள். அறிவியல் என்றால் அப்படித்தான் அக்கா, கிளறா கைராசிக்காரர் அக்கா, வைரவருக்குத் தெரியாததா அக்கா. ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்து அவளே துப்பினாள். கடல் தெரிந்தபோது கையில் ஒரு பேச்சும் மிச்சமில்லை.

கோடைவீட்டின் கேற்றைத் திறந்தபோது குகனேஸ்வரியின் கையில் ஈரத் துடைப்பம் இருந்தது. சுபத்ராவைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. “செத்துப்போச்சோ?”

“ஐயோ, இல்லக்கா. இன்னும் தொடவே இல்ல. குலுக்கல்ல நடுவயிறுன்னு வந்துருச்சு.”

குகனேஸ்வரி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அது சறுக்கி விழுந்தது, எடுக்கவில்லை. “நீங்கள் என்ன சொன்னனீங்கள்? பக்கத்தாலைதான் வரும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“சொன்னேன். தெரியாமச் சொன்னேன். அது என் தப்பு.”

“ராசாத்தியை வயித்திலை வெட்டித்தான் சாக்காட்டினவங்கள். உங்களுக்குச் சொன்னனான். அழுது அழுது சொன்னனான்.” உள்ளே சிஞ்ஞோரா யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. குகனேஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இதை மாத்தவே ஏலாதோ?”

“மடியில பால் இருந்தா மாத்தலாம். பால் இருக்கிற நாய சைடுலதான் செய்வோம்.”

“அப்ப பால் இருக்குது எண்டு எழுதுங்கோவன். ஆருக்குத் தெரியப் போகுது?”

“யாருக்கும் தெரியாதுக்கா.”

“பின்னை ஏன் எழுதேல்லை?”

“பால் இல்ல” என்றாள் சுபத்ரா.

அவள் தலை குனியவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் இப்போதே திருப்பிக் கொண்டுவருவேன், ஆனால் மாத முடிவில் நகராட்சிக்காரர்கள் வருவார்கள், அதை என்னால் தடுக்கமுடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். குகனேஸ்வரி அவளை உற்றுப் பார்த்தாள். அன்றைக்குச் சந்தையில் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

“ஆர் வெட்டுறது? நீங்களோ, அந்த மனிசியோ?”

“நான்தான். வேற யாரையும் தொடவிடமாட்டேன்.”

“வெட்டினாப் பிறகு கனீலேக்கு அனுப்பக்கூடாது.”

“அனுப்பமாட்டேன். என் ரூம்ல வெச்சுப் பாத்துக்கிறேன்.”

“நீங்கள் வேலைக்குப் போகேக்கை?”

“தூக்கிட்டுப் போவேன்.”

குகனேஸ்வரி குனிந்து துடைப்பத்தை எடுத்தாள். “சரி. போய் வெட்டுங்கோ.”

சுபத்ராவுக்கு நம்பமுடியவில்லை. “வைரவர் உத்தரவு...”

“அது எனக்கும் வைரவருக்கும் உள்ள கதை. நீங்கள் கெதியாப் போங்கோ, அது பசியோடை கிடக்குது.”

வைரவியை மேசையில் மல்லாத்திப் படுக்கவைத்தபோது சுபத்ராவுக்குக் கை கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது. நேர் எதிரே கிளறா உதவிக்கு நின்றார். தொப்புளுக்குக் கீழே கத்தி இறங்கியது. இரண்டு பக்கத்துத் தசையும் வந்து சேர்கிற அந்த வெள்ளைக் கோட்டில் திறந்தால் ரத்தமே இருக்காது என்பது புத்தகத்தில் படித்ததுதான். பல வருஷம் கழித்துத் தன் கையால் திறந்து பார்க்கையில் அழகாகவே இருந்தது. இதை அவள் கிளறாவிடம் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கனவே கர்வம் அதிகம்.

வலது சினைப்பை சொன்னபடி கேட்டது. இடதில்தான் சிக்கல். பல ஈற்று கண்ட நாய், உள்ளே கொழுப்பு மண்டிக் கிடந்தது. சினைப்பையின் காம்பைக் கட்டி வெட்டிவிட்டாள். அது உள்ளே நழுவிய அதே கணத்தில் ஆழத்திலிருந்து சிவப்பாக ஊறி வந்தது. முடிச்சு வழுக்கிவிட்டிருந்தது.

கிளறா மூச்சை இழுத்தது கேட்டது. “நான் வரட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் சுபத்ரா. வேறு யாரையும் தொடவிடமாட்டேன் என்று ஒருத்தியிடம் சொல்லியிருந்தாள். “குடலை மட்டும் ஒதுக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் இங்கே.”

வயிறு முழுக்கத் திறந்திருந்தது. சிறுநீரகத்துக்குப் பின்னால் அந்தக் காம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவளால் பார்க்க முடிந்தது. ரத்தத்தை ஒற்றி எடுத்தாள், கண்டுபிடித்தாள், கவ்வியைப் போட்டாள். ஊற்று நின்றது. மறுபடி கட்டினாள், அதன்மேல் இன்னொன்றும் கட்டினாள், விட்டுப் பார்த்தாள், காத்திருந்தாள். காய்ந்தே இருந்தது. பிறகுதான் தன் முதுகு நனைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

வலது விலாவின் சின்ன வாசல் வழியே இதே இடதுபக்க முடிச்சு நழுவியிருந்தால் என்ன செய்திருப்பாள்? வாசலைப் பெரிதாக்கியிருப்பாள், அல்லது நாயைத் திருப்பி வயிற்றைத் திறந்திருப்பாள். பிழைத்துமிருக்கலாம். கோயம்புத்தூரில் அப்படி ஒன்றிரண்டைக் காப்பாற்றியிருக்கிறாள், ஒன்றைக் காப்பாற்ற முடியாமலும் போயிருக்கிறது. அந்த ஒன்றைப் பற்றி அவள் கிளறாவோடு போட்ட சண்டைகளில் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொன்னாள், தையல் போட்டுக்கொண்டே.

“ஒரு நாயை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது” என்றார் கிளறா. ஜெயித்தவர் மாதிரிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள்; அவர் சிரிக்கவில்லை. “ஆனால் எழுது. இந்த முடிச்சையும் எழுது, அந்த நாயையும் எழுது. இது காப்பகத்துக்குப் போகாமல் வீட்டில் இருக்கப்போகிறது என்பதையும் எழுதிவை. ஒருவேளை நாம் வெட்டுகிற இடத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு, படுக்கிற இடத்தை மறந்துவிட்டோமோ என்னமோ.”

கால்சா என்ற பகுதியில் சுபத்ரா வாடகைக்கு இருந்த அறை ஒரு பழைய மாளிகையின் பின்கட்டில் இருந்தது. அன்று மாலையே குகனேஸ்வரி பாயும் பழந்துணியும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நாய் காயத்தை நக்காமலிருக்கப் பிளாஸ்டிக் கூம்பை மாட்டலாம் என்றாள் சுபத்ரா. “பூச்சாடியை மாட்டின மாதிரி இருக்கும், அதுக்கு வெக்கமெல்லோ?” என்று குகனேஸ்வரி மறுத்துவிட்டு, மகன் யசிந்தன் சின்ன வயதில் போட்ட பலெர்மோ உதைபந்தாட்ட அணியின் இளஞ்சிவப்புச் சட்டையை எடுத்தாள். முன்னங்கால்களைக் கைகளுக்குள் விட்டு, கீழ்விளிம்பை இடுப்பில் முடிந்துவிட்டாள். வயிறு மூடிக்கொண்டது. வைரவி அதைப் போட்டுக்கொண்டு, ஆட்டத்துக்கு இறங்கப்போகிறவன்போல் நின்றது.

அதன்பிறகு இருவரும் முறைவைத்துக் காவல் காத்தார்கள். பகலில் சுபத்ரா நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். வேலை முடிந்ததும் குகனேஸ்வரி வந்துவிடுவாள். படியில் ஏறவிடக்கூடாது, குதிக்கவிடக்கூடாது, சட்டைக்குள் மூக்கை விடுகிறபோது அதட்டவேண்டும். நாயோடு கதைத்துக் கதைத்தே அதைப் படுக்கவைத்தாள் குகனேஸ்வரி. சுபத்ரா தினமும் சட்டையை விலக்கிப் பார்த்தாள். ஒருநாள் தையலின் ஓரம் சிவந்திருந்தது. அன்று இருவருமே சாப்பிடவில்லை. மறுநாள் சிவப்பு இறங்கிவிட்டது. காயம் பிடிவாதமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது.

தையல் பிரிக்கிற நாளில் குகனேஸ்வரி மருத்துவமனைக்கு ஒரு பாத்திரம் நிறைய வடை கொண்டுவந்தாள். கடைசி நூலை உருவி எடுத்ததும் வைரவி மேசையிலிருந்து தானே குதித்தது. இனிமேல் குதிக்கலாம். சிப் போட்டாயிற்று, பதிவும் முடிந்தது. கபோவில் அது ராணியாகத் திரியலாம். முதல் வடை அதற்குத்தான். அடுத்ததைக் குகனேஸ்வரி கிளறாவின் கையில் வைத்தாள். மூன்றாவது சுபத்ராவுக்கு.

வடையைக் கையில் வைத்துக்கொண்டு சுபத்ரா இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டாள். “அக்கா, பூவுல சைடுன்னுதானே வந்துச்சு? சாமி சொன்னத மீறி எப்படி சரின்னு சொன்னீங்க?”

“ஆர் சொன்னது அப்பிடி?” குகனேஸ்வரிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “எங்கை வெட்டுறது எண்டு வைரவரிட்டைக் கேக்க அவரென்ன டொக்டரோ? அதுக்குத்தானே நீங்கள் ரெண்டு பேரும் இருக்கிறியள்.”

“அப்ப என்ன கேட்டீங்க?”

“ ‘இந்தப் பிள்ளை அப்பிடித்தான் வரும், அப்பிடித்தான் வரும் எண்டு வாயிலை வந்ததைச் சொல்லுது. இதை நம்பி என்ரை நாயைக் குடுக்கலாமோ?’ எண்டு கேட்டனான். வெள்ளைப்பூ வந்தது. வந்தும் எனக்கு அரைமனம்தான்.” அவள் வைரவியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். “மொண்டெல்லோவிலை கேற்றடியிலை வந்து நிண்டு ‘பால் இல்லை’ எண்டு சொன்னியளே, அப்பதான் முழுமனம் வந்தது.”

சுபத்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை காலியில்லை, வடை இருந்தது. வைரவி வாசலைத் தாண்டிச் சந்தை இருக்கிற திசையில் நடந்தது, பின்னால் குகனேஸ்வரி ஏசிக்கொண்டே ஓடினாள்.

உள்ளே அடுத்த நாய் காத்திருந்தது. வரவேற்புப் பெண் தொம்போலாப் பையைக் குலுக்குகிற சத்தம் கேட்டது. எந்த எண் என்று கேட்காமலே சுபத்ரா கை கழுவப் போனாள்.